குடை நிழலில் எழுதிய மண் அறிக்கை

மண்ணில் இரும்புக் குண்டு போட்டு அடி எண்ணுவதற்கு இப்போது மிஷின் வந்துவிட்டதாம். என்னிடம் முன்பு வேலை பார்த்த இரண்டு இன்ஜினீயர்கள் போன மாதம் வீட்டுக்கு வந்து செல்போனில் படம் காட்டினார்கள். குண்டு தானாக ஏறுகிறது, தானாக விழுகிறது, எத்தனை தடவை விழுந்தது என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் ஏதோ ஒன்று எழுதிக்கொள்கிறது. ஆள் பக்கத்தில் நிற்கவே வேண்டாமாம். "பெறகு எதுக்கு சார் எங்கள வெயில்ல குழிப் பக்கத்துலயே நிக்க வச்சு அந்தப் பாடு படுத்தினீங்க?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள், ஆனால் பல வருஷத்துக் கோபம் அதில் இருந்தது. காபி ஆறும்வரை பதில் சொன்னேன், பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன், இரண்டு பேரும் வாசித்துக்கொள்ளட்டும்.

கட்டடம் கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்து மண்ணைத் துளைத்துப் பார்த்து, எவ்வளவு வெட்ட வேண்டும், எதைப் போட்டு நிரப்ப வேண்டும், மழைத் தண்ணீரை எந்தப் பக்கம் ஓட்டிவிட வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். ஊரில் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கிணறு வெட்ட நீரோட்டம் பார்க்கிறவன் என்றுதான் என் சொந்தக்காரர்கள் கடைசிவரை நினைத்தார்கள். ஏரல் பக்கம் எங்கள் ஊரில் மூன்று பேர் என்னைக் கூப்பிட்டு, தண்ணீர் இருக்கும் இடம் பார்க்கச் சொல்லிக் கையில் தேங்காயைக் கொடுத்திருக்கிறார்கள்.

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஞானமுத்து சாரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். புதுத் துறைமுகம் வந்து, ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ஏதாவது ஒன்று கட்டிக்கொண்டிருந்த காலம். சாருடைய ஆபீஸ் ஒரு கயிற்றுக் கடையின் மாடியில் இரண்டு அறை. ஒரு அறையில் மேஜை, இன்னொரு அறையில் மண். ஆறு மாதம் சோதனைக் காலம், அதற்குப் பிறகுதான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார். முதல் இரண்டு மாதம் மண்ணை அடுப்பில் காயவைத்து, சலித்து, எடை போட்டு, தட்டைக் கழுவி வைத்தேன். இதற்கா மூன்று வருஷம் படித்தோம் என்று தோன்றும். என் மாமாவுக்கும் அதே சந்தேகம் இருந்தது. அவர் மகளை எனக்குத் தருவதாகப் பேச்சு. "ஆர்டர் கையில வரட்டும் மாப்ள, பெறகு நாள் பாப்போம்" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை என்றும் கூப்பிடுவார், நாளும் பார்க்க மாட்டார்.

ஞானமுத்து சார் நாசரேத்துக்காரர். அப்பா, தாத்தா எல்லோரும் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. நாள் முழுவதும் சேற்றில் நின்றாலும் சாயங்காலம் அந்தச் சட்டையில் ஒரு பொட்டு இருக்காது, எனக்கோ பஸ்ஸை விட்டு இறங்கியதுமே காலர்வரை புழுதி. எவ்வளவு சின்னவனையும் 'நீங்க' என்றுதான் சொல்வார். சத்தமே போட மாட்டார். சத்தம் போடுகிற மனிதரிடம் வேலை பார்ப்பது சுலபம், போட்டு முடித்ததும் முடிந்துவிடும். இவர் "அப்படியா" என்பார். அந்த ஒரு சொல்லை அவர் சொன்ன விதத்தை வைத்து அன்றைக்கு நாம் சாப்பிடலாமா கூடாதா என்று முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

மண்ணை அவர் பார்க்கிற முறை இது. குழியிலிருந்து வந்த மண்ணில் நெல்லிக்காய் அளவு கிள்ளி, சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைவார். உள்ளங்கையில் வைத்து நூலாக உருட்டுவார். நூல் எவ்வளவு மெலிசாக வந்து உடைகிறது என்று பார்ப்பார். அப்புறம் கொஞ்சத்தை முன்பல்லில் வைத்துக் கடிப்பார், நறநறவென்றால் மணல். நாக்கு நுனியில் வைத்து உப்பு பார்ப்பார். பிறகு கைக்குட்டையில் துடைத்துவிட்டு, தலை குனிந்து ஜெபம் செய்து, டிபன் பாக்ஸைத் திறப்பார். நானும் ஒரு நாள் அவரைப் போலவே நாக்கில் வைத்துப் பார்த்தேன். மீன் மார்க்கெட் பின்பக்கத்து மண் அது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லா மண்ணையும் நாக்கில் வைக்கக்கூடாது என்று சார் பிறகு சொன்னார், முன்னால் சொல்லவில்லை.

விளாத்திகுளத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பருத்தி மூட்டை அடுக்கக் கிட்டங்கி கட்ட இடம் காட்டினார். சித்திரை வெயில். கரிசல் மண் பாறை மாதிரிக் கிடந்தது, கடப்பாரை தெறிக்கிறது. 'மிக உறுதியான நிலம்' என்று நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். சார் வாசித்துவிட்டு, "தம்பி, ஒரு குடம் தண்ணி வாங்கிட்டு வாங்க" என்றார். அந்த ஊரில் சித்திரையில் ஒரு குடம் தண்ணீர் கேட்பது, இரண்டு பவுன் நகையைக் கைமாற்று கேட்பதற்குச் சமம். நாலு வீட்டில் திட்டு வாங்கிக் கொண்டுவந்தேன். என்னுடைய உறுதியான நிலத்தில் அதை ஊற்றச் சொன்னார். அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு, "அது மேல ஏறி நில்லுங்க" என்றார். நின்றேன். செருப்பை மண் பிடித்துக்கொண்டது, கால் மட்டும் வந்தது. கோடு போட்டதை நானே அடித்துவிட்டேன்.

இனி ஒரு தியேட்டர் கதை.

வேலாயுதம் என்று ஒரு உப்பு வியாபாரி. முதலாளி என்றுதான் ஊரே சொல்லும். ஊருக்குத் தெற்கே, பழைய உப்பளப் பாத்தி இருந்த இடத்தை வாங்கிச் சினிமா தியேட்டர் கட்டப் புறப்பட்டார். தீபாவளிக்குப் படம் போட்டே தீர வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அந்தப் பாத்தியை எந்தக் காலத்திலோ யாரோ சிப்பி ஓட்டையும் சாம்பலையும் இடிந்த வீட்டுக் கல்லையும் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். முத்துக் குளித்த காலத்துச் சிப்பி ஓடு. நாங்கள் துளை போட்டபோது சிப்பி ஓடு குவியலாக வெளியே வர, எங்கள் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு அதற்குள் முத்துத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். குண்டுக் கயிறு இழுக்கிற, முத்துக் குளித்த குடும்பத்துக் கடற்கரைக்காரர் ஒருவர்தான், "எங்க பாட்டன்மாரு கண்ணுல படாதது ஒங்க கண்ணுல படுமாக்கும், போய் வேலையப் பாருங்கலே" என்று விரட்டினார். விரட்டிவிட்டு அவரும் ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

முதலாளிக்கு ஒரு திட்டம் இருந்தது. திரைக்கு முன்னால் தரை டிக்கெட் பகுதியை நாலடி பள்ளமாக வெட்டிவிட்டால், சுவரை அவ்வளவு உயரம் எழுப்ப வேண்டாம். சார் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. அந்த இடத்தில் நாலடிக்கு ஒரு குழி வெட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் முதலாளியைக் கூட்டிவந்து காட்டினார். குழியில் முழங்கால் அளவு தண்ணீர், அதில் ஒரு சின்ன நண்டு. முதலாளி தண்ணீரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். ராத்திரி மழை பெய்ததா என்று கேட்டார். இல்லை, இங்கே இரண்டரை அடி தோண்டினாலே தண்ணீர்தான் என்று சார் சொன்னார். எங்கள் ஆட்களின் மேஸ்திரி சுடலைமுத்து அண்ணாச்சி சும்மா இருக்காமல், "இருக்கட்டும் சார், தர டிக்கெட்டுக்காரன் கால நனைச்சுக்கிட்டே படம் பாக்கட்டும், குளுகுளுன்னு இருக்கும்லா" என்றார். முதலாளி அவரைப் பார்த்த பார்வையில் அந்த நண்டே உள்ளே போய்விட்டது.

ஆகவே சாருடைய பரிந்துரை இப்படிப் போனது. பள்ளம் வெட்டக் கூடாது. மேலே கிடக்கும் சிப்பி, சாம்பல், கல் எல்லாவற்றையும், அதற்குக் கீழே இருக்கும் கறுப்புக் களியில் ஒரு மீட்டரையும் எடுத்துவிட வேண்டும். சாத்தான்குளம் பக்கத்துத் தேரிச் செம்மண்ணைக் கொண்டுவந்து, ஒவ்வொரு முக்கால் அடிக்கும் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி, அடுக்கடுக்காக நிரப்பித் தரையை ரோட்டைவிட உயர்த்த வேண்டும். கட்டடத்தைச் சுற்றிச் சிமெண்டுக் கால்வாய் கட்டி, ஓடைப் பக்கமாக வாட்டம் கொடுக்க வேண்டும். இடைவேளையில் எத்தனை ஆண்கள் எழுந்து வெளியே போவார்கள் என்று முதலாளியிடம் அடக்கமாகக் கேட்டு, அந்தத் தண்ணீருக்குத் தனிக் கால்வாய் எழுதினார். இதையெல்லாமா கணக்கில் எடுப்பார்கள் என்று முதலாளி அசந்துபோனார். அதற்குப் பிறகு சார் சொன்னதை எல்லாம் ஒப்புக்கொண்டார்.

அந்தப் பரிந்துரை எல்லாமே நான்கு துளைகளில் நான் எழுதிய எண்களை நம்பி எழுதியது. அந்த எண்கள் எப்படி வருகின்றன என்பதைச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் என் வண்டவாளம் விளங்கும்.

மூன்று கம்பங்களை முக்காலியாக நிறுத்தி, உச்சியில் ஒரு கப்பி. துளைக்குள் இரும்புக் கம்பி இறங்கும், அதன் நுனியில் மண்ணை அள்ளும் குழாய். வெளியே தெரியும் கம்பியில் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக மூன்று சாக்பீஸ் கோடு. அறுபத்து மூன்றரைக் கிலோ இரும்புக் குண்டை நாலு பேர் கயிற்றால் இழுத்து, முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து கம்பியின் தலையில் விடுவார்கள். ஒவ்வொரு கோடு இறங்கவும் எத்தனை அடி ஆயிற்று என்று எண்ண வேண்டும். முதல் கோடு கணக்கில் கிடையாது. அடுத்த இரண்டு கோட்டின் அடிகளைக் கூட்டினால் அதுதான் அந்த மண்ணின் பலம். அடி அதிகமானால் கெட்டி மண், குறைந்தால் களி. எழுதுகிற ஆள் துளைக்குப் பக்கத்தில் நின்று, கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்பது சாருடைய சட்டம்.

எண்ணுகிறவர் சுடலைமுத்து அண்ணாச்சி. அவர் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் எங்கள் தாமிரபரணிக் கரைக் களங்களில் நெல் அளந்தவர். அங்கே மரக்காலில் நெல் அளக்கும்போது 'ஒண்ணு' என்று தொடங்க மாட்டார்கள். முதல் மரக்காலுக்கு 'லாபம்' என்பார்கள், அப்புறம் ரெண்டு, மூணு. அண்ணாச்சி குண்டு அடியையும் அப்படியேதான் எண்ணுவார். லாபம், ரெண்டு, மூணு, நாலு என்று ராகம் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் புதிதாக லாபத்தில் ஆரம்பிப்பார். எனக்கு அது தொட்டிலில் கேட்ட சத்தம். லாபம் என்று காதில் விழுந்தால் கை ஒன்று என்று எழுதிவிடும். நான் சேர்ந்ததிலிருந்து ஒரு தடவைகூட இதில் பிசகு வந்ததில்லை.

மூன்றாவது துளை தென்மேற்கு மூலையில், திரை வரப்போகிற இடத்துக்குப் பின்னால். நல்ல மத்தியானம். நாலு பக்கமும் உப்பளம், வெயில் மேலேயிருந்தும் அடிக்கிறது, உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கிறது. கண்ணைத் திறக்க முடியவில்லை. இருபது அடி தள்ளி ஒரு பெரிய குடையை நட்டு, துளைக்கு முதுகைக் காட்டி, மண் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டேன். எண்ணிக்கைதான் காதில் விழுகிறதே, பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு மீட்டர் ஆழத்தில் அண்ணாச்சி "லாபம்" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. மறுபடியும் "லாபம்". மறுபடியும் "லாபம்". மூன்று கோடும் இறங்கிவிட்டது. ஒன்று, ஒன்று, ஒன்று என்று எழுதி, கடைசி இரண்டையும் கூட்டி, இரண்டு என்று பலம் போட்டேன். மெத்தென்ற களிதான், ஆனால் மற்ற மூன்று துளையிலும் மூன்று, நான்கு என்றுதான் வந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. சாரும் நாலு மூலைக்கும் ஒரே பரிந்துரையை எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து, செம்மண் இரண்டாவது அடுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, தென்மேற்கு மூலையில் ரோலர் இறங்கியது. விழவில்லை, இறங்கியது. ரோலர் டிரைவர் காலையிலிருந்தே தரை ஆடுகிறது என்று சொல்லியிருக்கிறார், மண்வேலை கான்டிராக்டர் காதில் வாங்கவில்லை. முன் உருளை மெல்ல மெல்லச் செம்மண்ணுக்குள் போக, சுற்றிலும் கறுப்புச் சேறு பொங்கி வந்தது. டிரைவர் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறார். வண்டியை விட்டு இறங்கினால் பொறுப்பு தன் தலையில் விழுமாம். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மூக்கைக் குத்தி நிற்கிற வண்டியில் சாய்ந்தபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஊர் திரண்டுவிட்டது. கடலை விற்கிறவன் வந்துவிட்டான். நின்று பார்த்த கூட்டத்தை ஒருவர் "முன்னால இருக்கவம்லாம் உக்காருங்கலே, மறைக்கி" என்று அதட்டினார். அந்தத் தியேட்டரில் ஓடிய முதல் காட்சி அதுதான்.

முதலாளி வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "என்ன சார் எளவு இது, நீங்க எழுதிக் குடுத்த மாதிரிதான செஞ்சோம்" என்று சாரிடம் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சார் என்னிடம் நோட்டை வாங்கி மூன்றாவது துளையின் பக்கத்தைத் திறந்து, ஒன்று, ஒன்று, ஒன்று என்று நான் எழுதியிருந்ததை வெகுநேரம் பார்த்தார். "அப்படியா" என்றார். அதுவரை நான் கேட்காத ஒரு 'அப்படியா' அது.  சோதனைக் காலம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. பதினெட்டு நாளில் ஆர்டர், ஆர்டர் வந்தால் கல்யாணம். எல்லாம் அந்த ரோலரோடு சேர்ந்து இறங்குவதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு லாரிகளில் சங்கிலி கட்டி ரோலரை இழுத்துப் போட்டார்கள். மறுநாள் காலை அதற்கு நாலு எட்டு தள்ளி மறுபடியும் துளை. இந்தத் தடவை சார் கம்பியில் கை வைத்தபடி நின்றார், நான் பக்கத்தில். இரண்டு மீட்டர் ஆழம் வந்தது. ஆட்கள் கயிற்றில் கை வைத்திருந்தார்கள், இன்னும் இழுக்கவில்லை. கம்பியின் தலையில் குண்டை வைத்ததும், அந்தக் கனத்துக்கே கம்பி சொளசொளவென்று கீழே போயிற்று. முதல் கோடு மண்ணுக்குள் மறைந்தது. சுடலைமுத்து அண்ணாச்சி கணீரென்று, "லாபம்" என்றார்.

சார் கையைத் தூக்கினார். "அடி விழுந்துச்சா அண்ணாச்சி?"

"இல்ல சார். தானா எறங்கிட்டு."

"பின்ன லாபம்னு சொன்னீங்க?"

அண்ணாச்சி குழம்பிப்போனார். இதையெல்லாம் ஒருவர் கேட்பார் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை. "அளக்க வந்த எடத்துல வெறும் வாயா நிக்கக் கூடாதுல்லா சார். களத்துல வெளைச்சலே இல்லன்னாலும் மரக்கால எடுத்ததும் லாபம்னு ஒரு வார்த்த சொல்லித்தான் வைப்போம். ஒண்ணுமில்லன்னு வாயால சொன்னா வெளங்குமா?"

 அன்றைக்குக் குண்டு விழவே இல்லை. நான் குடையடியில் கேட்ட மூன்று லாபமும் மூன்று பூஜ்யம். ஒன்றும் தாங்காத உப்புப் பாத்திச் சகதியை, கொஞ்சம் தாங்கும் களி என்று எழுதியிருக்கிறேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சொல்ல, எங்கள் ஊர்க்காரன் ஒருவன் எழுதியதால் வந்த வினை. வேறு ஊர்க்காரன் எழுதியிருந்தால் அது என்ன லாபம் என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருப்பான்.

சார் என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க தம்பி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "பக்கத்துலதான் சார் நின்னாரு. இந்தா, இங்கன. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்." அவருக்கு என் கல்யாண விஷயம் தெரியும். பொய் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, துளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியே விட்டிருக்கலாம். நோட்டில் நான் எங்கே நின்றேன் என்று எழுதவில்லை, கேட்கவும் ஆள் இல்லை. பழி எண்ணினவர் மேல் போகும், ஆர்டர் என் கைக்கு வரும். ஒரு நிமிஷம் அப்படி ஆசைப்பட்டேன், அதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை. ஆனால் ஐம்பது வயது மனிதர், நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, எனக்காகத் தன் வேலையையே பறிகொடுக்கத் துணிகிறார். 

"இல்ல சார். அங்கன குடைக்கு அடியில உக்காந்திருந்தேன். பாக்கல. காதுல விழுந்தத எழுதுனேன்."

சார் அப்படியா என்று சொல்லவில்லை. நோட்டைத் திறந்து, மூன்றாவது துளையின் பக்கத்திலேயே, நான் சொன்னதை அப்படியே எழுதினார். கீழே தேதி போட்டார். நோட்டை என்னிடம் நீட்டி, சரியாக இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். 

சாயங்காலம் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினார். தவறு எங்களுடையது, அடி விழாத இடத்தில் ஒன்று என்று எழுதிவிட்டோம் என்று முதல் வரியிலேயே இருந்தது. அந்த மூலையில் சகதி முழுவதையும் அடி மணல் தெரியும்வரை அள்ளி, பருமணல் போட்டு நிரப்பி, அதன்மேல் செம்மண் அடுக்கு தொடங்க வேண்டும். மழைக்காலம் முடியும்வரை அந்தப் பக்கம் சுவர் எழுப்பக் கூடாது. சுற்றுக் கால்வாயை இன்னும் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். எழுதி முடித்து, "நீங்களே கொண்டுபோய் முதலாளிக்கு வாசிச்சுக் காட்டுங்க தம்பி" என்றார். அதற்குப் பதிலாக என்னை அந்தச் சகதிக்குள் இறக்கிவிட்டிருக்கலாம்.

முதலாளி உப்புக் குவியல்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே வாசித்தேன். தீபாவளி போயிற்று என்பது கடிதத்தின் பாதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. முகம் கறுத்துவிட்டது. நான் முடித்ததும், ஒன்றுமில்லாததற்கு ஒன்று என்று எப்படி எழுதினாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் பாதியில் என்னை நிறுத்தினார்.

"என்னன்னு சொன்னான்?"

"லாபம்னு சொன்னாரு முதலாளி."

குவியலுக்கு அந்தப் பக்கம் ஆட்கள் பெட்டியால் உப்பு அளந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று அங்கேயும் கேட்டுக்கொண்டிருந்தது. முதலாளி கொஞ்ச நேரம் அதைக் கேட்டார். "அவன் மேல குத்தமில்ல. நானா இருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏலே, நீ ஏன்லே பாக்கல?"

கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.  பொங்கலுக்குப் படம் போடலாமா என்று சாரிடம் கேட்டுச் சொல் என்று அனுப்பிவிட்டார்.

மறுநாளிலிருந்து சார் என் கையில் நோட்டைக் கொடுக்கவில்லை. கயிற்றைக் கொடுத்தார். நாலு பேரில் ஒருவனாகக் குண்டு இழுத்தேன். மூன்று நாளில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. சுடலைமுத்து அண்ணாச்சி ராத்திரிக்குப் போட விளக்கெண்ணெய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "பேசாம இருந்திருக்கலாம்லா தம்பி, கிறுக்குத்தனம் பண்ணிட்டியே" என்று திட்டினார். அவருக்கும் ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. அடி விழாமல் கம்பி இறங்கினால் பூஜ்யம் என்று சொல்ல வேண்டும் என்றார் சார். என்ன ஆனாலும் அந்தச் சொல் தன் வாயில் வராது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். கடைசியில், வாயால் சொல்ல மாட்டேன், கையை விரித்துக் காட்டிவிடுகிறேன், எழுதுகிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சமாதானம் ஆயிற்று. அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸில் யாரும் குடைக்குள் உட்கார்ந்து எழுத முடியவில்லை. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

ஆறு மாதம் முடிந்த அன்று சார் மேஜைக்குக் கூப்பிட்டு ஒரு கவரைத் தந்தார். கணக்குத் தீர்த்து அனுப்புகிறார் என்றுதான் நினைத்தேன். மாமாவுக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம்கூட அமைத்துவிட்டேன். மாடிப்படியில் நின்று பிரித்தேன். நிரந்தர வேலைக்கான ஆர்டர். ஒரு தடவை வாசித்தேன், இரண்டாவது தடவை வாசிக்கையில் தேதி இடித்தது. இன்றைய தேதியிலிருந்து நிரந்தரம் என்று இருக்க வேண்டியது, பதினேழு நாள் முந்திய தேதி போட்டிருந்தது. கையில் கிடைத்ததை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓடியிருப்பான் வேறு எவனும். எனக்கு அப்போது எண் என்றாலே பயம். திரும்ப மேலே ஏறினேன்.

"சார், இதுல தேதி தப்பா இருக்கு."

அவர் ஒரு மண்ணை உள்ளங்கையில் நூலாக உருட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தப்பு இல்ல தம்பி. நீங்க நோட்டுல கையெழுத்துப் போட்ட தேதி அது. அன்னைக்குத்தான் நீங்க எங்கிட்ட மொதல் ரிப்போர்ட் குடுத்தீங்க."

படியில் உட்கார்ந்து அழுதேன். கயிற்றுக் கடைக்காரர் கீழேயிருந்து எட்டிப் பார்த்து, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களா என்று விசாரித்தார். இல்லை அண்ணாச்சி, சேர்த்துக்கொண்டார்கள் என்று சொன்னேன்.